மேல்நிலைப் பள்ளியில் தொழிற்கல்வி: நிராகரிப்பதா, வென்றெடுப்பதா?

(கல்விக் கொள்கை குறித்துக் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலை அமர்வில் ஒரு தோழர் எழுப்பிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அவருடைய பகுதியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பில் தொழிற்பாடம் கொண்டுவரப்படுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்காமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது என்று நம் தோழர்கள் பேசுகிறார்கள். ஆனால் அதே பள்ளியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார்கள் அவரிடம் வந்து, “ஒரு தொழிலைக் கற்றுக் கொடுத்தால் நல்லதுதானே, ஏன் எதிர்க்கிறீர்கள்?” என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதே தோழரின் கேள்வி.

நம் எல்லோருக்குமான கேள்வி இது. அந்தத் தாய்மார்கள் நம் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மகன் வேலையின்றி வீட்டில் முடங்குவதைக் கண்டவர்கள். அவர்களுடைய கவலையை அறியாமை என்று ஒதுக்கினால் நாம் அவர்களை இழப்போம். அரசு சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டாலோ அவர்களுடைய பிள்ளைகளை இழப்போம். ஆகவே இந்தப் பிரச்சனையை அதன் வரலாற்றோடும் அதன் இன்றைய நடைமுறையோடும் சேர்த்து ஆராய்வது அவசியமாகிறது.

மீண்டும் மீண்டும் தரப்பட்ட வாக்குறுதி

பள்ளிக் கல்வியைத் தொழிலோடு இணைப்போம் என்ற அறிவிப்பு இந்தியாவில் புதியதல்ல. 1882ஆம் ஆண்டின் ஹண்டர் கல்விக் குழுவே உயர்நிலைப் பள்ளியின் மேல் வகுப்புகளில் இரண்டு பாதைகளைப் பரிந்துரைத்தது. ஒன்று பல்கலைக்கழகத்துக்குச் செல்வது. மற்றொன்று வணிகம், தொழில் போன்ற நடைமுறைப் பணிகளுக்குச் செல்வது. காலனி ஆட்சிக்குத் தேவைப்பட்டது எழுத்தர்கள்தான் என்பதால் முதல் பாதையில் கூட்டம் நெரிந்தது. இரண்டாவது பாதை ஏட்டளவில் நின்றது.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வகுத்தளித்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலை மையமாகக் கொண்டு எல்லாப் பாடங்களையும் கற்பிக்க விரும்பியது. உழைப்புக்கு மரியாதை தருவது அதன் சிறப்பு. ஆனால் மாணவர்கள் உற்பத்தி செய்யும் பொருளிலிருந்தே பள்ளியின் செலவை ஈடுகட்டலாம் என்ற கருத்தும் அதனோடு சேர்ந்து வந்தது. பள்ளியைப் பட்டறையாக மாற்றிவிடும் ஆபத்து அதில் இருக்கிறது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது.

விடுதலைக்குப் பின் 1952-53இல் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. 1964-66இல் கோத்தாரி கல்விக் குழு, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வியில் சேருவோரில் பாதிப்பேர் 1986ஆம் ஆண்டுக்குள் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. அதே கோத்தாரி குழுதான் அனைவருக்கும் பொதுப் பள்ளி முறையையும், தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்பதையும் வலியுறுத்தியது. ஆட்சியாளர்கள் முன்னதை மட்டும் மேடையில் பேசினார்கள். பின்னிரண்டையும் வசதியாக மறந்தார்கள்.

1978இல் மால்கம் ஆதிசேஷையா தலைமையிலான குழு மேல்நிலைக் கல்வியை, குறிப்பாகத் தொழிற்கல்வியை, ஆய்வு செய்தது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதம் பேரை 1990க்குள்ளும் 25 சதவீதம் பேரை 1995க்குள்ளும் தொழிற்பிரிவுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னது. 1992இல் இந்தக் கெடு 1995க்கும் 2000க்கும் தள்ளி வைக்கப்பட்டது. அந்தக் கெடுவும் கடந்தது, இலக்கு எட்டப்படவில்லை.

இப்போது 2020ஆம் ஆண்டின் கல்விக் கொள்கைக்கு வருவோம். பள்ளி, உயர்கல்வி இரண்டிலும் உள்ள மாணவர்களில் குறைந்தது 50 சதவீதம் பேருக்கு 2025ஆம் ஆண்டுக்குள் தொழிற்கல்வியின் ‘அறிமுகம்’ கிடைக்கும் என்று அது அறிவித்தது. இந்தச் சொல்லைக் கவனியுங்கள். கோத்தாரி குழு பாதிப்பேர் தொழிற்கல்வியைப் பயில வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் கொள்கை பாதிப்பேருக்கு அறிமுகம் போதும் என்கிறது. எண் அப்படியே இருக்கிறது, உள்ளடக்கம் கரைந்துவிட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை புத்தகப் பையில்லாத பத்து நாட்கள் உள்ளூர்த் தச்சரிடமோ குயவரிடமோ சென்றுவந்தாலும் அது அறிமுகம்தானே!

குலக்கல்வியின் நிழல்

தமிழ் மக்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு நினைவு உண்டு. 1953இல் சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி மக்கள் எதிர்த்தார்கள். திராவிட இயக்கமும் கம்யூனிஸ்ட் கட்சியும் அந்தப் போராட்டத்தில் நின்றன. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

எல்லாத் தொழிற்கல்வியும் குலக்கல்வி அல்ல. இந்த வேறுபாட்டை நாம் தெளிவாகப் பேச வேண்டும். பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும்போதுதான் அது குலக்கல்வியாகிறது. செருப்புத் தைப்பவரின் மகள் மின்னணுவியல் கற்பது குலக்கல்வி அல்ல. சாதியின் பிடியிலிருந்து அவளை விடுவிக்கும் கல்வி. ஆனால் இன்றைய ஒன்றிய அரசின் போக்கில் குலக்கல்வியின் நிழல் தெளிவாகவே விழுகிறது.

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைப் பாருங்கள். தச்சர், கொல்லர், குயவர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர் என 18 மரபுத் தொழில்கள். குரு-சிஷ்ய மரபையும் குடும்ப அடிப்படையிலான தொழில்களையும் வலுப்படுத்துவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். சேருவதற்கான குறைந்தபட்ச வயது 18. அதாவது மேல்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகவேண்டிய வயதில், குடும்பத் தொழிலுக்குத் திரும்ப ஓர் ஊக்கத்தொகை. இந்தக் காரணத்தைச் சுட்டிக்காட்டித்தான் தமிழ்நாடு அரசு அதை நடைமுறைப்படுத்த மறுத்தது. வயது வரம்பை 35 ஆக உயர்த்தவும், குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும் கோரியது.

இதற்கு முன்பே, 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதற்கு முழுத் தடை என்று அறிவித்த அதே திருத்தம், பள்ளி நேரத்துக்குப் பின்னும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் ‘உதவுவதை’ அனுமதித்தது. 14 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு ஆபத்தான தொழில்களில் மட்டும் தடை விதித்து, அந்தப் பட்டியலையும் வெகுவாகச் சுருக்கியது. சட்டத் திருத்தம், கல்விக் கொள்கை, விஸ்வகர்மா மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரே திசையில் நீளும் பாதை தெரியும்.

இன்றைய ஏற்பாடு எப்படி இயங்குகிறது?

2013 டிசம்பரில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. அதன்படி பள்ளிகளில் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை தொழிற்பாடங்கள் ‘பணிநிலை’களாக வகுக்கப்பட்டுள்ளன. சில்லறை விற்பனை உதவியாளர், தரவுப் பதிவாளர், அழகுநிலைய உதவியாளர், ஆயுதமற்ற பாதுகாவலர், மருத்துவமனைப் பொதுப்பணி உதவியாளர் என்று பட்டியல் நீள்கிறது. பாடத் தரங்களை வகுப்பவை துறைவாரித் திறன் குழுமங்கள். அவை தொழிலதிபர்களின் தலைமையில் இயங்குபவை. அவற்றுக்கு ஆதரவளிக்கும் தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் 2008இல் தொடங்கப்பட்டபோதே அதில் 51 சதவீதப் பங்கு தனியாருக்கு, 49 சதவீதம் அரசுக்கு. பள்ளி மாணவர் எதைக் கற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் முதலாளி இருக்கிறார். தொழிற்சங்கத்துக்கோ ஆசிரியர் சங்கத்துக்கோ அங்கே நாற்காலி இல்லை.

கற்பிப்பவர் யார்? சமக்ர சிக்ஷா திட்டத்தின் கீழ் பல மாநிலங்களில் தொழிற்பாட ஆசிரியர்கள் பயிற்சி வழங்கும் தனியார் நிறுவனங்கள் மூலம் ஒப்பந்தத்தில் எடுக்கப்படுகிறார்கள். அரசுப் பள்ளியில் பாடம் நடத்துபவருக்குச் சம்பளம் தருவது நிறுவனம். நிறுவனம் மாறினால் வேலை நிச்சயமில்லை. இடைத்தரகு நிறுவனங்களை நீக்கி நேரடியாக அரசின் கீழ் கொண்டுவரக் கோரி இமாசலப் பிரதேசத்துத் தொழிற்கல்வி ஆசிரியர்கள் போராடியதை நீங்கள் அறிவீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரைக் கொண்டு வருங்கால ஒப்பந்தத் தொழிலாளிகளை உருவாக்கும் ஏற்பாடு இது.

நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். வட மாநிலம் ஒன்றின் சிறு நகரத்தில், சில்லறை விற்பனைப் பாடம் பயின்ற மாணவர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவருடைய சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையிட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். தந்தை கட்டிடத் தொழிலாளி. பன்னிரண்டாம் வகுப்பில் பணியிடப் பயிற்சி என்று ஒரு பெரிய கடைக்கு அனுப்பினார்கள். நாள் முழுவதும் நின்றபடி அட்டைப் பெட்டிகளை இறக்கி அடுக்கியதே பயிற்சி. தேர்ச்சி பெற்ற பிறகு அதே கடையில் வேலை கேட்டார். கிடைத்தது. ஆனால் எட்டாம் வகுப்போடு நின்ற, அவருக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கும் இளைஞருக்கு என்ன கூலியோ அதே கூலி. “இரண்டு வருடம் படித்ததற்கு என்ன பொருள்?” என்று தாய் கேட்டார். சான்றிதழைக் கழற்றிவிடலாமா என்று தந்தை கேட்டபோது, மகன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் படித்து வாங்கிய முதல் சான்றிதழ் அது.

இந்தக் குடும்பத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை கற்க மறுக்கவில்லை. அவருக்குக் கற்பிக்கப்படவில்லை.

பாடப்பிரிவுகள் எப்படிப் பங்கிடப்படுகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அழகுக்கலையும் தையலும், ஆண் பிள்ளைகளுக்கு வாகனப் பழுதும் என்று சமூகத்தின் பழைய வரிகள் புதிய பாடநூலில் மீண்டும் எழுதப்படுகின்றன. இந்தப் பாடங்கள் அரசுப் பள்ளிகளைத் தேடி வருகின்றன. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்யும் உயர்கட்டணத் தனியார் பள்ளிகளுக்குப் பாதுகாவலர் பயிற்சியை யாரும் கொண்டுபோவதில்லை.

பள்ளியிலிருந்து பட்டறைக்கு

மேல்நிலைத் தொழிற்பிரிவை முடிப்பவருக்கு அடுத்த படி தொழிற்பழகுநர் பயிற்சி என்று சொல்லப்படுகிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் 1986இல் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு மாணவர்களும் அதன் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டனர். நல்ல நோக்கம்தான். ஆனால் இந்தச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை தரவேண்டிய கட்டாயமும் நிர்வாகத்துக்கு இல்லை.

2014க்குப் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்துகிறேன். அந்த ஆண்டு டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, விதிமீறும் முதலாளிக்கான சிறைத் தண்டனை நீக்கப்பட்டு அபராதம் மட்டும் மிஞ்சியது. 2016இல் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசே திருப்பித் தரும் என்றது. 2019இல் விதிகள் மாற்றப்பட்டு, மொத்தப் பணியாளர்களில் 15 சதவீதம் வரை பழகுநர்களை வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. அதுவரை உதவித்தொகை, பகுதித் திறன் பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியில் முதலாண்டு 70 சதவீதம், இரண்டாமாண்டு 80, மூன்றாமாண்டு 90 என்று கூலியோடு பிணைக்கப்பட்டிருந்தது. 2019இல் அந்தப் பிணைப்பு அறுக்கப்பட்டது. கல்வித் தகுதிக்கேற்ப 5,000 ரூபாயில் தொடங்கி 9,000 ரூபாய் வரை என்று நிலையான தொகை வைக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலி உயர்ந்தாலும் பழகுநரின் தொகை தானாக உயராது.

இவற்றோடு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் சேர்த்துப் படியுங்கள். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், தொழிலாளி என்ற சொல்லுக்குத் தரும் வரையறையில் பழகுநரையும் உள்ளடக்கியிருந்தது. அதனால் தொழில் தகராறு எழுப்ப அவருக்கு ஒரு வாசல் இருந்தது. இப்போது நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பு, சட்டப்படியான பழகுநரைத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்து வெளியேற்றிவிட்டது. ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் பதினெட்டு வயதில் ஆலைக்குள் நுழையும் இளைஞர், பக்கத்தில் நின்று அதே இயந்திரத்தை இயக்கும் தோழரின் சங்கத்தோடு சட்டரீதியாக நிற்க முடியாதவராகிறார்.

ஆலைத் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்ற நிலை வந்துவிட்டது. அவர்களுக்கும் கீழே, பயிற்சியாளர் என்ற பெயரில் இன்னொரு அடுக்கு உருவாக்கப்படுகிறது. உற்பத்தி வரிசையில் முழு வேலை, சம்பளத்துக்குப் பதில் உதவித்தொகை. நீம் என்று அழைக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தின் பெயரில் வாகன ஆலைகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இவ்வாறு பயன்படுத்தப்பட்டதைப் புனேயிலும் சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பகுதிகளிலும் நம் தொழிற்சங்கத் தோழர்கள் கண்டிருக்கிறார்கள். பின்னர் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த முறை நிறுத்தப்படவில்லை.

ஜெர்மனியை ஏன் பாதி மட்டும் சொல்கிறார்கள்?

2020ஆம் ஆண்டின் கொள்கை ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. 19 முதல் 24 வயது வரையிலான தொழிலாளர்களில் முறையான தொழிற்கல்வி பெற்றவர்கள் இந்தியாவில் 5 சதவீதத்துக்கும் குறைவு; ஜெர்மனியில் 75 சதவீதம், தென்கொரியாவில் 96 சதவீதம் என்கிறது. எண்களோடு தகராறு செய்ய நான் வரவில்லை. ஜெர்மனியில் அந்த 75 சதவீதம் எப்படி வந்தது என்பதை ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறேன்.

அங்கே பழகுநர் வாரத்தில் சில நாட்கள் தொழிற்பள்ளியிலும் மீதி நாட்கள் தொழிலகத்திலும் இருக்கிறார். 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்படி பயிற்சித் தரங்களை வகுப்பதில் முதலாளிகள், அரசு ஆகியோரோடு தொழிற்சங்கங்களும் சம இடம் பெறுகின்றன. பழகுநரின் ஊதியம் பல துறைகளில் கூட்டுப் பேரத்தால் தீர்மானிக்கப்படுகிறது. 2020 முதல் பழகுநர்களுக்கும் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியம் உண்டு. அதுவும் முதலாளித்துவ நாடுதான். பத்து வயதிலேயே பிள்ளைகளை வெவ்வேறு பள்ளிகளுக்குப் பிரித்தனுப்பும் குறை அங்கே இன்றும் விமர்சிக்கப்படுகிறது. ஆயினும் அங்குள்ள பழகுநரின் உரிமைகள் தொழிலாளி வர்க்கம் போராடிப் பெற்றவை. நம் ஆட்சியாளர்களுக்கு அந்த 75 வேண்டும். அதற்கு அடித்தளமாக நிற்கும் தொழிற்சங்கம் வேண்டாம்.

குறை இளைஞரிடமா, பொருளாதாரத்திடமா?

‘வேலை இருக்கிறது, திறன் உள்ள இளைஞர்கள்தான் இல்லை’ என்று முதலாளிகளின் சங்கங்கள் ஓயாமல் சொல்கின்றன. இது பொய்யின் நுட்பமான வடிவம். வேலையின்மைக்கான பொறுப்பை அமைப்பிடமிருந்து எடுத்து இளைஞரின் தோளில் ஏற்றிவிடுகிறது. 2014இல் அறிவிக்கப்பட்ட ‘இந்தியாவில் தயாரிப்போம்’ திட்டம், உள்நாட்டு உற்பத்தியில் ஆலைத் தொழிலின் பங்கை 2022க்குள் 25 சதவீதமாக உயர்த்துவதாகச் சொன்னது. அந்தப் பங்கு 16, 17 சதவீதத்தைச் சுற்றியே தேங்கி நிற்கிறது. பொதுத்துறை ஆலைகள் விற்கப்படுகின்றன. ரயில்வேயில் சட்டப்படி பழகுநர் பயிற்சி முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் தெருவில் நிற்கிறார்கள். திறன் இல்லை என்று அவர்களிடம் சொல்ல முடியுமா?

பயிற்சி வேலையை உருவாக்காது. வேலை இருக்கும் இடத்தில்தான் பயிற்சிக்கு மதிப்பு வரும். மாணவர்கள் தொழிற்பிரிவைத் தவிர்ப்பது உடலுழைப்பின் மீதான வெறுப்பால்தான் என்பதும் முழு உண்மையல்ல. எந்தப் பாதை கௌரவமான ஊதியத்துக்கு இட்டுச் செல்கிறது என்று கணக்கிட்டே ஏழைக் குடும்பங்கள் தீர்மானிக்கின்றன. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் உண்டு. 2021-22ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி மேல்நிலைப் பள்ளியின் மொத்தச் சேர்க்கை விகிதம் 57.6 சதவீதம். அந்த வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் பதினோராம் வகுப்பின் கதவையே தாண்டவில்லை. அவர்களுக்கான இன்னொரு வழியான ஐடிஐக்களில் நான்கில் மூன்றுக்கும் மேல் தனியார் வசம் உள்ளன. இந்த நிலையில், பிரதமர் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. அரசுப் பள்ளித் தொழிற்கல்விக்கான பணமும் அந்தத் திட்டத்தின் வழியாகத்தான் வருகிறது. தொழிற்கல்வியை வளர்ப்பவர்கள் செய்யும் வேலையா இது?

மார்க்சியம் என்ன சொல்கிறது?

கல்வியையும் உழைப்பையும் இணைப்பது கம்யூனிஸ்டுகளுக்கு அந்நியமான கருத்தல்ல, அது நம்முடையது. 1866இல் சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் ஜெனீவா மாநாட்டுக்காக மார்க்ஸ் எழுதிய வழிகாட்டுதலில் கல்வி என்பது மூன்று கூறுகளைக் கொண்டது: அறிவுக் கல்வி, உடற்கல்வி, தொழில்நுட்பக் கல்வி. மூன்றாவது கூறு, உற்பத்தியின் எல்லா நிகழ்முறைகளுக்கும் அடிப்படையான பொதுக் கோட்பாடுகளைக் கற்பித்து, எளிய கருவிகளைக் கையாளவும் பழக்குவது. ஒரே ஓர் இயந்திரத்தின் ஒரே ஒரு பிடியை இழுக்கக் கற்பிப்பதை அவர் கல்வி என்று கருதவில்லை.

1920இல் குரூப்ஸ்காயாவின் ஆய்வுரைகள் மீது லெனின் எழுதிய குறிப்புகளும் இதே திசையில் செல்கின்றன. உள்நாட்டுப் போரால் நாடு சிதைந்து கிடந்தது; தேர்ந்த தொழிலாளர்கள் உடனடியாகத் தேவைப்பட்டார்கள். அந்த நெருக்கடியில் தொழிற்பயிற்சி தொடங்கும் வயதை 17இலிருந்து 15ஆகக் குறைக்க அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் அதை வறுமை திணித்த தற்காலிக விலகல் என்றே கருதினார். தொழிற்பள்ளிகளிலும் பொதுக்கல்வி விரிவாக இருக்க வேண்டும், குறுகிய கைவினைப் பயிற்சியாகச் சுருங்கக் கூடாது என்று வலியுறுத்தினார்.

கிராம்சி இதை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒவ்வொரு வகைப் பள்ளி என்று தொழிற்பள்ளிகளைப் பெருக்குவது ஜனநாயகம் போலத் தோன்றினாலும், சமூக வேறுபாடுகளை அது உறைய வைத்துவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. அவர் கோரியது அனைவருக்குமான பொதுப் பள்ளி.

ஆகவே நம் நிலைப்பாடு இதுதான். தொழிற்கல்வி ஏழைகளுக்கென ஒதுக்கப்பட்ட தனிப்பாதையாக இருப்பதை எதிர்க்கிறோம். எல்லாப் பிள்ளைகளின் கல்வியிலும் உழைப்பும் தொழில்நுட்பமும் இடம்பெற வேண்டும் என்கிறோம். மருத்துவரின் மகனும் மின்சுற்றை இணைக்கக் கற்கட்டும். மின் பணியாளரின் மகளும் இயற்பியலின் கோட்பாட்டைக் கற்கட்டும்.

நடைமுறையில் இதற்கு அருகில் செல்ல முடியும் என்பதற்குக் கேரளம் ஒரு சான்று. 1983-84இல் தொடங்கப்பட்ட தொழில்சார் மேல்நிலைக் கல்வி அங்கே 389 பள்ளிகளில் பரவியது. மாணவர்கள் தொழிற்பாடத்தோடு மொழிகளையும் அறிவியல் அல்லது கலைப் பாடங்களையும் கற்று, கல்லூரிக்குச் செல்லும் தகுதியையும் பெற்றார்கள். அவர்களில் பலர் தொழிலுக்குப் போகாமல் உயர்கல்விக்குச் சென்றதைச் சிலர் தோல்வி என்றார்கள். உழைப்பாளியின் பிள்ளை கூடுதலாகப் படித்தது எப்படித் தோல்வியாகும்? கதவு திறந்திருந்தது, அவர்கள் நுழைந்தார்கள்.

நம் கோரிக்கைகளும் பணிகளும்

தாய்மார்களின் கேள்விக்குத் திரும்புகிறேன். அவர்களிடம் நாம் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. “உங்கள் பிள்ளைக்குத் தொழில் கற்றுத் தர வேண்டும் என்பதில் நாங்களும் உங்களோடு நிற்கிறோம். ஆனால் இவர்கள் கற்றுத் தருகிறார்களா என்று சேர்ந்து போய்ப் பார்ப்போம், வாருங்கள்” என்று அழைக்க வேண்டும்.

நாம் முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள் ஆறு.

ஒன்று, பத்தாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் தொழிற்பாதைக்குப் பிரித்தனுப்பக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டம் வேண்டும்.

இரண்டு, மேல்நிலைத் தொழிற்பிரிவு மாணவருக்கு மொழி, கணிதம், அறிவியல் அல்லது சமூக அறிவியல் கட்டாயம் கற்பிக்கப்பட்டு, பட்டப்படிப்புக்கும் பட்டயப் படிப்புக்கும் செல்லும் வழி சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும்.

மூன்று, தொழிற்பாட ஆசிரியர்களை அரசே நேரடியாக, நிரந்தரமாக நியமிக்க வேண்டும். இடைத்தரகு நிறுவனங்கள் வெளியேற வேண்டும்.

நான்கு, பட்டறையும் ஆய்வகமும் கருவிகளும் இல்லாமல் தொழிற்பாடம் தொடங்கக் கூடாது. அதற்கான நிதியை ஒன்றிய அரசு அரசியல் நிபந்தனையின்றி வழங்க வேண்டும்.

ஐந்து, பாடத் தரங்களை வகுக்கும் எல்லா அமைப்புகளிலும் தொழிற்சங்கங்களும் ஆசிரியர் அமைப்புகளும் இடம்பெற வேண்டும்.

ஆறு, பழகுநரின் உதவித்தொகை மீண்டும் குறைந்தபட்சக் கூலியோடு பிணைக்கப்பட வேண்டும். அவர் தொழிலாளி என்ற வரையறைக்குள் திரும்பக் கொண்டுவரப்பட வேண்டும். பயிற்சி முடித்தவருக்கு நிரந்தரப் பணி நியமனத்தில் முன்னுரிமை வேண்டும்.

கோரிக்கை மனு கொடுப்பதோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, மாணவர், வாலிபர், மாதர், ஆசிரியர் அமைப்புகளோடு சேர்ந்து நேரில் விசாரிக்க வேண்டும். பட்டறை உண்டா? கருவிகள் பூட்டிய அறையில் இருக்கின்றனவா, மாணவர் கையில் இருக்கின்றனவா? ஆசிரியருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள், கடைசியாக எப்போது தந்தார்கள்? பணியிடப் பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை மணி நேரம் என்ன வேலை? விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது? எந்தப் பாடத்தில் எந்தச் சாதிப் பிள்ளைகள், எத்தனை பெண்கள்? மூன்று ஆண்டுகளுக்கு முன் தேர்ச்சி பெற்றவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த இணையதளத்திலும் பதில் இல்லை. வீடு வீடாகச் சென்றால் கிடைக்கும்.

ஆலைகளில் உள்ள நம் தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆலையில் பழகுநர் என்ற சட்டையோடு நிற்கும் இளைஞரைச் சங்கத்தின் உறுப்பினர் அல்ல என்பதற்காகக் கடந்து போகாதீர்கள். அவருடைய பெயரைக் கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் அவருக்காகவும் பேசுங்கள். சட்டம் அவரைத் தொழிலாளி இல்லை என்று சொல்லலாம். சங்கம் அப்படிச் சொல்ல முடியாது. இன்று அவரைக் குறைந்த தொகைக்கு வைத்திருப்பவர்கள், நாளை உங்கள் கூலியைக் குறைக்க அவரைத்தான் காட்டுவார்கள்.

நான் கண்ட அந்த வீட்டுச் சுவரில் சான்றிதழ் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். அதைக் கழற்றச் சொல்வது நம் வேலையல்ல. அந்தத் தாளில் எழுதியிருப்பது உண்மையாகும்படி, அந்த இளைஞருக்குத் தொழிலும் கூலியும் மேற்படிப்புக்கான வழியும் கிடைக்கும்படி போராடுவதே நம் வேலை. அந்தப் போராட்டத்தில் அவருடைய தாயும் நம்மோடு வருவார்.